புதுப்பிப்பு: 40 நிமிட நேர்காணலில் போகப்போக விலகிய ஒலி சரியானது

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: செல்போனில் வீடியோ, தனி ரெக்கார்டரில் ஒலி. தொடக்கக் கைதட்டலில் கச்சிதமாகப் பொருத்தியும், முடிவில் உதடு அசைந்து அரை நொடி கழித்தே பேச்சு வந்தது.

வீடியோவின் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை) பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருள் அதை ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டே இருப்பது) என்று காட்டியது. வெளிச்சம் குறைந்த இடங்களில் செல்போன் நொடிக்கு 30 ஃபிரேமுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் அவற்றைச் சீரான 30 ஆக அடுக்கியதால் படம் முந்திக்கொண்டது.

வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபிரேம் ரேட் 30, தரம் ஆர்எஃப் 16 வைத்து மாற்றினேன். கவனம்: 30 தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ‘பீக்’ (அதிகபட்சம்) என்று இருந்தால் அதை ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ஃபைலும் வேரியபிளாகவே வரும்.

ஒலியின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி பதிவாகிறது என்பது) 44.1-ஆ, 48 கிலோஹெர்ட்ஸா என்ற குழப்பமாக இருக்குமோ என்றும் கேட்டிருந்தார்கள். அப்படியானால் விலகல் சுமார் 8.8 சதவீதம், 40 நிமிடத்தில் 3 நிமிடத்துக்கும் மேல். அரை நொடியோடு நிற்காது.

எதிர்பாராதது: மாற்றிய பிறகும் கடைசியில் 2 ஃபிரேம் பாக்கி. இரு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. ஒலியை இழுத்து நீட்டாமல், பேச்சு நிற்கும் இரண்டு இடங்களில் வெட்டி இடத்துக்கு ஒரு ஃபிரேம் வீதம் நகர்த்தினேன். சரிபார்க்க ‘ப’, ‘ம’ வரும் சொற்களே நல்லது. உதடு மூடும் ஃபிரேம் தெளிவாகத் தெரியும்.

வெட்டத் தொடங்கும் முன்பே ஃபைலை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய வெட்டுகள் இடம் தவறும்.