புதுப்பிப்பு: இந்தியாவிலிருந்து தத்தெடுக்கக் காத்திருக்கும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை) பெற்றோருக்கு

அமெரிக்காவில் ஐ-800ஏ (வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கத் தகுதி கோரி அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தரும் விண்ணப்பம்) ஒப்புதல் வாங்கும் வரை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். விட்டுப்போன முக்கியமான விஷயம்: அந்த ஒப்புதல் 15 மாதம்தான் செல்லும். காத்திருப்பு நீண்டால், காலாவதியாகும் முன்பே புதுப்பித்த வீட்டாய்வு அறிக்கையோடு (உங்கள் குடும்பச் சூழலை ஆராய்ந்து எழுதுவது) ஐ-800ஏ-வின் துணைப் படிவம் 3-ஐ அனுப்பிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் நம்ம இனிஷியல். பழைய பிறப்புச் சான்றில் 'சு. முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் சுப்பையா'. இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி எழுதி, அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசுச் சான்று) வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். காராவின் (இந்திய அரசின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம்) தடையின்மைச் சான்று வந்தபின், தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியரே தருகிறார். 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றம் இல்லை.

குழந்தையின் பின்னணியைச் சொல்லும் குழந்தை ஆய்வு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நம் குலதெய்வத்தின் ஊரைக் காட்டுவோம், சரி. ஆனால் குழந்தையின் சொந்த ஊர், குழந்தைகள் இல்லத்தில் கூப்பிட்ட பெயர் எதுவென்று சொல்ல அந்தத் தாள்தான் இருக்கும்.