சலிபாவின் அந்த மூன்று வருடம்: ஆர்சனல் செய்தது சரியா? (என் தம்பிக்காகவும் கேட்கிறேன்)

பொகவந்தலாவைப் பொடியன்:

வணக்கம். ஆர்சனல் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். பாதி ஆர்சனலின் பிரெஞ்சு டிபென்டர் வில்லியம் சலிபாவைப் பற்றிய கேள்வி, பாதி என் தம்பியைப் பற்றியது, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

தம்பிக்கு 18. எங்கள் தோட்ட டீமில் சென்டர் பெக். நல்ல உயரம், தலையால் எடுக்கிற பந்து எதுவும் தப்பாது. ஆனால் கோல் அடிக்கிறவனைத்தானே ஊர் தோளில் தூக்கும், கோல் விழாமல் பார்த்தவனை யார் கண்டுகொள்வது? எப்படியோ ஹட்டனில் நடந்த ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு கொழும்பில் ஒரு கழகம் கூப்பிட்டது. அம்மா சீட்டு எடுத்த காசில் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனான். இப்போது எட்டு மாதம். பயிற்சிக்குப் போகிறான், பந்து பொறுக்குகிறான், கோன் அடுக்குகிறான், மெட்ச் நாளில் பெஞ்சில்கூட இடமில்லை. பகலில் ஒரு கடையில் வேலை செய்துதான் அறை வாடகை கட்டுகிறான். போன கிழமை போன் எடுத்து "அண்ணே, நான் லயத்துக்கே வந்துடுறேன்" என்றான்.

நான் பெரிய ஆள் மாதிரி சலிபா கதையைச் சொன்னேன். 2019இல் ஆர்சனல் 2 கோடி 70 லட்சம் பவுண் கொடுத்து வாங்கியது, 2022 ஓகஸ்ட் வரை முதல் அணிக்கு ஒரு மெட்ச்கூட இறக்கவில்லை, பொறுமையாக இருந்தான், இன்றைக்கு உலகத்திலேயே நல்ல டிபென்டர்களில் ஒருவன், நீயும் பொறுமையாக இரு என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்குக் காத்திருக்கவே சம்பளம் கொடுத்தாங்க, எனக்குக் கடை முதலாளி கொடுக்கிறார்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

சரி, கேள்வி இதுதான். அந்த மூன்று வருடம் உண்மையிலேயே சலிபாவை ஆளாக்கியதா? இல்லை, அவன் எப்படியும் வந்திருப்பான், நாம்தான் பிறகு உட்கார்ந்து "பொறுமை" என்று கதை கட்டுகிறோமா?

---

பண்டாரவளை கன்னர்:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். சலிபா மூன்று வருடம் காத்திருக்கவில்லை, மூன்று வருடம் வேறு இடத்தில் விளையாடினான். எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லும்போது விடுவது இதைத்தான்.

2018 செப்டெம்பரில் பிரெஞ்சுக் கழகம் செயின்ட் எட்டியெனுக்காக முதல் மெட்ச், அப்போது வயது 17. அடுத்த ஜூலையில் ஆர்சனல் வாங்கிய கையோடு ஒரு வருடத்துக்கு அதே கழகத்துக்கே லோனில், அதாவது கடனாக, திருப்பிக் கொடுத்தது. அந்த வருடம் அவனுக்குப் பாழாய்ப்போன வருடம். நவம்பரில் பாத எலும்பு உடைந்தது, பிறகு கொரோனா வந்து லீக்கையே நிறுத்திவிட்டார்கள். 2020 ஜூலையில் பிரெஞ்சுக் கிண்ண இறுதிப் போட்டி, செயின்ட் எட்டியென் எதிர் பிஎஸ்ஜி. லோன் ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது, நீட்டுவதற்கு இரண்டு கழகமும் ஒத்துப்போகவில்லை, அதனால் ஆள் இறுதிப் போட்டியே விளையாடவில்லை. நெய்மார் அடித்த ஒரு கோலில் தோற்றார்கள். அந்த வயதுப் பொடியனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

அப்புறம் லண்டனில் ஆர்சனல். இங்கேதான் உண்மையான காத்திருப்பு. அவனை வாங்கியபோது இருந்த கோச் எமெரி 2019 நவம்பரிலேயே போய்விட்டார், ஆர்டெட்டா வந்துவிட்டார். அதே 2020 செப்டெம்பரில் லீல் கழகத்திலிருந்து கப்ரியேல் என்ற இன்னொரு சென்டர் பெக்கும் வந்து சேர்ந்தான். சலிபாவின் பெயர் யூரோப்பா லீக் பட்டியலிலேயே இல்லை, 21 வயதுக்குட்பட்ட பொடியன்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். அது ஆறு மாதம், அவ்வளவுதான். 2021 ஜனவரியில் லோனில் நீஸுக்குப் போனான், அடுத்த சீசன் மார்செய், இரண்டும் பிரெஞ்சுக் கழகங்கள். மார்செயில் மட்டும் எல்லாப் போட்டியும் சேர்த்து 52 மெட்ச், லீக்கில் இரண்டாம் இடம், பிரான்ஸின் சிறந்த இளம் வீரர் விருது, 2022 மார்ச்சில் தேசிய அணியில் முதல் மெட்ச். அதுவும் மார்செய் மைதானத்திலேயே.

2022 ஓகஸ்ட் 5, கிறிஸ்டல் பேலஸ் மெட்ச் எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. பெட்ரோலுக்கு கியூஆர் கோட் வந்த புதிது, நாடே நாசமாய்க் கிடந்தது, நான் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பார்த்தேன். ஐந்து வருடம் அங்கேயே ஆடியவன் மாதிரி ஆடினான். அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவன்தான்.

ஆக உங்கள் தம்பியின் எட்டு மாதத்தை சலிபாவின் மூன்று வருடத்தோடு வைக்காதீர்கள். அந்த ஆறு மாதத்தோடு வையுங்கள். அந்த ஆறு மாதம் முடிந்ததும் அவன் என்ன செய்தான்? விளையாடுகிற இடத்துக்குப் போனான்.

---

நோர்வூட் பழைய கோலி:

நான் பதினைந்து வருடம் தோட்ட டீமுக்குக் கோல் காத்தவன், இப்போது முழங்கால் போய் பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். டிபென்டரைப் பற்றிக் கேட்டால் நான் வாயை மூட மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையில் நல்ல டிபென்டர் என்றால் யார்? சேற்றில் பத்தடி சறுக்கிப்போய் பந்தையும் ஆளையும் சேர்த்துத் தேயிலைக்குள் அனுப்புகிறவன். கைதட்டு அவனுக்குத்தான். மைதானமும் அப்படி, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், மழை விட்டால் மூடுபனி, மறு முனைக் கோலியே தெரிய மாட்டான். அதில் சறுக்காமல் எப்படி ஆடுவது? ஆனால் சலிபாவை ஒரு முழு மெட்ச் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும். ஆள் கீழே விழுவதே அபூர்வம். ஸ்ட்ரைக்கர் ஓடி வந்தால் நேரே பாயாமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கூடவே பின்வாங்கி, எதிராளி பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தட்டும் வரை விடுவான். தட்டியதும் முடிந்தது கதை. 1.92 மீற்றர் உயரத்தோடு அந்த வேகமும் இருப்பதால் அவனுக்கு அவசரமே வராது. எடுத்த பந்தைக் காற்றில் அனுப்பாமல் தன் ஆளின் காலுக்குக் கொடுப்பான். இதற்கு ஒரு காரணம், சின்ன வயதில் அவன் முன்வரிசையில் ஆடியவன். பாரிஸ் பக்கத்து பொண்டியில் பிறந்தவன், எம்பாப்பேயின் ஊர்தான், எம்பாப்பேயின் அப்பாதான் அங்கே அவனுக்குக் கோச்சாக இருந்தார்.

இந்தப் பொறுமை பெஞ்சில் உட்கார்ந்து வராது. நூறு தடவை ஏமாந்து கோல் விட்டு, கோலியிடம் ஏச்சு வாங்கித்தான் வரும். நானே எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்! 2024 ஒக்டோபரில் போர்ன்மத்தில் எவானில்சனை இழுத்து விழுத்தி சிவப்பு அட்டை வாங்கினானே, ஆர்சனலுக்கு வந்து அதுதான் முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால் 2022இல் இடது காலால் வளைத்து ஆர்சனலுக்கான முதல் கோலை அடித்ததும் அதே மைதானத்தில்தான். 2025இல் மட்ரிட்டில் வினிசியஸிடம் பந்தைப் பறிகொடுத்து கோல் விட்டான். மெட்ச் போனதா? இல்லை, கடைசியில் ஆர்சனல்தான் வென்றது. தவறு செய்ய இடம் கிடைத்தவன்தான் டிபென்டர் ஆவான் தம்பி. உங்கள் தம்பிக்குத் தவறு செய்யவே இடம் தரவில்லை என்பதுதான் என் கோபம்.

---

டோஹா தொழிலாளி:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சலிபா கதையை நம் பொடியன்களுக்குச் சொல்வதே பிழை என்பது என் எண்ணம். அந்தப் பையனின் பின்னால் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. பிரான்ஸில் ஒவ்வொரு பட்டணத்துக்கும் கழகம், பயிற்சி நிலையம், ஒரு இடம் சரி வராவிட்டால் போக இன்னும் பத்து இடம். நமக்கு? 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையையே தடை செய்து ஓகஸ்ட் கடைசியில்தான் எடுத்தது. அந்த ஏழு மாதம் நாட்டின் பெயரில் ஒரு சர்வதேச மெட்ச் ஆட முடியாது. அதில் பொகவந்தலாவைப் பையனுக்கு எவன் லோன் கொடுக்கப் போகிறான்?

ஆர்சனலும் பையனின் நன்மைக்காக அனுப்பவில்லை. அப்போது அவன் தேவைப்படவில்லை, அனுப்பினார்கள், நல்லபடி வந்துவிட்டான், இப்போது "திட்டம்" என்கிறார்கள். நம் தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்களே, அது மாதிரி மூன்று வருடம் அவனுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். அதே மாதிரி லோனில் போய் அப்படியே தொலைந்தவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பற்றி இங்கே யாராவது கேள்வி போடுகிறார்களா?

---

பண்டாரவளை கன்னர்:

டோஹா அண்ணே, அரைப்பேர் என்பதை ஒத்துக்கொள்கிறேன், நல்லாய்ச் சொன்னீர்கள். ஆனால் நான் கவ்வாத்து என்பேன், தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. வெட்டின மலையைப் பார்த்தால் செத்துப்போன மாதிரி இருக்கும், சில மாதம் ஒரு கொழுந்து கிடைக்காது, பிறகுதான் தளிர்க்கும். 2023–24ஐப் பாருங்கள், லீக்கில் 38 மெட்ச், ஒரு நிமிடம்கூட வெளியே இல்லை. ஆர்சனல் விட்டது 29 கோல், லீக்கிலேயே குறைவு. அதற்கு முதல் வருடம் மார்ச்சில் ஸ்போர்ட்டிங் மெட்சில் முதுகு பிடித்து ஆள் வெளியே போனதும் என்ன நடந்தது? லிவர்பூலோடு 2–2, வெஸ்ட் ஹாமோடு 2–2, சவுத்ஹாம்டனோடு 3–3. கிண்ணம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. அன்று அழுதது எனக்குத்தான் தெரியும்.

---

டோஹா தொழிலாளி:

கவ்வாத்துக்குப் பிறகு எல்லாச் செடியும் தளிர்ப்பதில்லை அக்கா, சிலது அப்படியே காய்ந்தும் போகும். எங்கள் அப்பா கவ்வாத்து வெட்டியவர். 😄

---

நோர்வூட் பழைய கோலி:

இரண்டு பேரும் தேயிலையை விட்டு மைதானத்துக்கு வாருங்கள். டோஹா தம்பி சொல்வதில் ஒன்று சரி, அதிர்ஷ்டம் உண்டு. தேசிய அணியிலும் பாருங்கள், 2024 மார்ச்சில்கூட பிரான்ஸ் அணியின் அப்போதைய கோச் டெஷாம் அவனிடம் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத விடயங்களும் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து யூரோ கிண்ணத்தில் ஆறு மெட்சும் அவன்தான், கூட உபமெகானோ. அரையிறுதி வரை பிரான்ஸ் விட்டது ஒரே கோல், அதுவும் லெவன்டொவ்ஸ்கியின் பெனால்டி. ஸ்பெயினோடு 2–1 தோற்று வெளியே வந்தது வேறு கதை. டெஷாம் மனதை மாற்றியது ஆர்சனலில் வாரா வாரம் ஆடியதுதான், வேறொன்றும் இல்லை.

பொகவந்தலாவைத் தம்பி, நேரடியாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வருவது தோல்வி இல்லை. சலிபாவும் வாங்கிய கழகத்தை விட்டு மூன்று தடவை பிரான்ஸுக்குத் திரும்பியவன்தான். ஆனால் வந்து சும்மா இருக்கக் கூடாது. அந்தக் கழகத்தில் பொறுப்பானவரிடம் தம்பியே போய் மரியாதையாகக் கேட்கட்டும்: "சேர், இந்த சீசன் எனக்கு மெட்ச் இருக்கா? இல்லையென்றால் விளையாடுகிற இடத்துக்கு என்னை விடுங்கள்." எதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பதிவு அவர்கள் பெயரில் இருந்து, கடிதமில்லாமல் வேறு டீமுக்கு ஆடினால் பிறகு கரைச்சல். என்னிடம் இருந்த ஒரு நல்ல பையன் இதில் மாட்டி ஒரு வருடத்தைத் தொலைத்தான்.

---

பொகவந்தலாவைப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. இரவு இதை அப்படியே தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கன்னர் அக்கா சொன்ன அந்த "ஆறு மாதம்" என்ற இடத்தில், "திரும்ப வாசி" என்றான். டோஹா அண்ணே, உங்கள் பதிலுக்குத்தான் சத்தமாகச் சிரித்தான், அதனால் உங்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

சலிபா 2030 வரை ஆர்சனலிலேயே இருக்கக் கையெழுத்துப் போட்டதை அவனிடம் சொன்னேன். "வேணாம்னு அனுப்பின இடத்துலயா?" என்று கேட்டான், பிறகு வேறு எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கழகத்தில் கேட்கப் போகிறான். கடிதம் கிடைத்தால் அடுத்த கிழமை பஸ் ஏறுவான். அவன் வயதில் முழு நேரமும் ஆட இடம் தருகிற டீம் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை எந்தப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். சம்பளம் கேட்க மாட்டான், பஸ் காசு போதும். பூட்ஸ் சொந்தமாக இருக்கிறது, இன்னும் புதுசு மாதிரித்தான்.

---

நோர்வூட் பழைய கோலி:

ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்னிடம் அனுப்புங்கள். அட்டைக்கு உப்பு கொண்டு வரச் சொல்லுங்கள், கீழ்ப் பக்கக் கோலடியில் புல் வெட்டி மாதக்கணக்காகிறது.