புதுப்பிப்பு: பழைய ஜீப்பின் யூனிவர்சல் ஜாயின்ட்

கிளட்ச்சை விடும்போது அடியில் 'டொக்' என்று சத்தம் வருவதாக முன்பு எழுதியிருந்தேன். சந்தேகப்பட்டபடியே பின்பக்க யூனிவர்சல் ஜாயின்ட்தான் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் முனையில், கோணம் மாறினாலும் சுற்றவிடும் மூட்டு). கழற்றிப் பார்த்தால் அதன் நடுவிலுள்ள கூட்டல்குறி வடிவத் துண்டான கிராஸின் இரண்டு முனைகளில் ஊசி பேரிங் (ஊசிபோல் மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) பதிந்த கோடுகள். நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிறது. கிரீஸ் காய்ந்து துருப்பொடியாகிவிட்டது. இந்த நிலையில் புது கிரீஸ் அடித்துப் பயனில்லை, கிராஸையே மாற்றினேன்.

ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் ஸ்ப்ளைனில் (அதன் இரு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரி) அடையாளக் கோடு போடச் சொன்னவருக்கு நன்றி. மறுபடி பூட்டும்போது இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வாக்கில் இல்லாவிட்டால் புது ஜாயின்டும் அதிரும்.

கிராஸின் முனைகளில் மாட்டும், ஊசிகள் அடங்கிய கப்களில் ஒன்று மட்டும் சர்க்ளிப் (கப்பைப் பூட்டும் வளையம்) காடிவரை இறங்க மறுத்தது. அப்போது சுத்தியலை ஓங்காதீர்கள்; பெரும்பாலும் ஓர் ஊசி சாய்ந்து அடியில் கிடக்கும். இதிலும் அதேதான். ஊசிகளைக் கெட்டி கிரீஸில் ஒட்டவைத்தால் சாயாது. அப்புறம் நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன்.

சத்தம் போயே போச்சு. டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) முனகல் மட்டும் அப்படியே இருக்கிறது, அது தனிக் கதை.