புதுப்பிப்பு: அப்பாவின் காறை எலும்பு வீக்கம்

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன்: அப்பாவுக்குத் தொண்டைக்குழிக்கு வலப்பக்கம், காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் பாதி எலுமிச்சம்பழம் அளவு வீக்கம், கை தூக்கினால் வலி, லேசான காய்ச்சல். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே பத்து நாளை வீணாக்கினோம். (தேய்க்கச் சொன்னதே நான்தான்.)

சுளுக்கு இல்லை, மூட்டுக்குள் சீழ். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில்தான் பிடிபட்டது. ஊசியால் உறிஞ்சிக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இந்த மூட்டில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் இந்தக் கிருமிதானாம். அப்பாவின் சர்க்கரை வேறு 300ஐத் தாண்டியிருந்தது. டிபியா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, இந்த மூட்டையும் அது விட்டுவைப்பதில்லை. சோதித்தார்கள், இல்லை.

மூட்டுக்குப் பின்னாலேயே பெரிய ரத்தக் குழாய்கள் போகின்றன. சீழ் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறதா என்று சிடி எடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் காபிகூட இறங்கவில்லை. நல்லவேளை, பரவவில்லை, ஆபரேஷனும் வேண்டாம் என்றார்கள். ஆன்டிபயாடிக் மொத்தம் 6 வாரம், இப்போதைக்கு நரம்பு வழியாக.

நேற்று சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். மேல் பட்டனுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.