ஜூனா செப்டம்பரா? டென்மார்க்கின் ரீபேக்கு எப்போது போவது?

பொங்கோல்காரன்:
மகனுக்கு 9 வயது, வைகிங் (அந்தக் கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) பைத்தியம். மாமனார் சனிக்கிழமை விடிந்தால் பறவை பார்க்கத் தொலைநோக்கியோடு நம் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நிற்பவர். இருவருக்கும் பிடித்த மாதிரி ஓர் ஊர் தேடியதில் ரீபே மாட்டியது. அந்தப் பக்கம் பறவைக் கூட்டம் வானத்தையே மறைக்குமாமே, ஜூன் பள்ளி விடுமுறையில் பார்க்கலாமா? கோப்பன்ஹேகனில் தங்கி ஒரே நாளில் போய்வந்தால் போதுமா?

மழைமரம்:
போதாது. ரயிலில் ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம், நடுவில் வண்டி வேறு மாற வேண்டும். ரீபேயிலேயே மூன்று இரவு தங்குங்கள். டென்மார்க்கின் மிகப் பழைய ஊர், கி.பி. 700 வாக்கில் சந்தையாக ஆரம்பித்தது. தோண்டி எடுத்த பொருள்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் பையனுக்குப் பிடிக்கப்போவது ஊருக்கு வெளியே இருக்கும் வைகிங் மையம்தான். அந்தக் கால வீடுகளைத் திரும்பக் கட்டி, ஆட்கள் அதே உடையில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

நீங்கள் கேட்ட கூட்டத்துக்கு அங்கே 'கருப்புச் சூரியன்' என்று பெயர். ஜூனில் கிடையாது. மார்ச், ஏப்ரல், இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். பறவை ஸ்டார்லிங், நம் மைனாவுக்குச் சொந்தக்காரன். புளோக்குக்குக் கீழே சாயங்காலம் மைனாக்கள் போடும் ரகளையை லட்சக்கணக்கில் பெருக்கி, நாணல் காட்டுக்கு மேலே சுழலவிட்டால் எப்படி இருக்கும், அதுதான்.

தெம்பனிஸ் அத்தை:
நம் செப்டம்பர் விடுமுறை மாத ஆரம்பத்தில் ஒரே வாரம், அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள் தம்பி. நாங்கள் போனது ஜூனில், குறையே இல்லை. இருட்ட பத்து மணிக்கு மேல் ஆகிறது. ஜூனில் சுங்கை பூலோவில் கரைப்பறவைகள் அநேகமாக இருக்காது, அங்கேயோ பவளக்காலி கூடு கட்டும் சமயம் (இங்கே வருகிற அதே கூட்டம் இல்லை, நமக்கு வருவது ஆசியாவின் வடக்கிலிருந்து). ரீபே பக்கத்தில் இருக்கும் ஆழமில்லாத வாடன் கடல் முழுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 1 கோடிக்கு மேல் பறவைகள் வந்துபோகின்றன என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கடலில் இருக்கும் மான்டோ தீவை விடாதீர்கள். கடல் வற்றும்போது தரைமேலேயே டிராக்டர் பஸ்ஸில் போகலாம், நேரம் தினமும் மாறும். வாடகைக் காரில் அந்தப் பாதையில் இறங்க வேண்டாம், தண்ணீர் ஏறிவிட்டால் கார் அதோகதி. கார் ஆசைக்கு ரோமோ தீவு இருக்கிறது, பாலம் போட்டது போல் கடலுக்குள் ரோடு, கடற்கரை மணலிலேயே ஓட்டலாம். ஈஸ்ட் கோஸ்ட்டில் நடக்குமா! காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஜூன்தானே என்று டீசட்டையோடு போய் நடுங்கினேன், முஸ்தபா கடையில் ஒரு ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கோல்காரன்:
நன்றி அத்தை, ஜூன்தான். மாமனாரிடம் விவரம் சொன்னேன். ஜூனிலும் வருகிறாராம், அக்டோபரில் மாமியாரோடு மறுபடியும் போகிறாராம். யார் செலவில் என்று நான் கேட்கவில்லை.