அக்ரியபிள் கிரேயா, ரெப்போஸ் கிரேயா? வடக்கு பார்த்த ஹாலுக்கு எது?

கேள்வி:
டல்லாஸ் பக்கம் வீடு. ஹால் 15-க்கு 18 அடி, உயரம் 9 அடி. ஜன்னல் எல்லாமே வடக்கு பார்த்தது. தரை தேன் நிற ஓக். ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் அட்டையில் அக்ரியபிள் கிரேயும் (7029) ரெப்போஸ் கிரேயும் (7015) ஒரே நிறமாகத்தான் தெரிகின்றன. எதை அடிக்கலாம்? எத்தனை காலன் வாங்க வேண்டும்?

பதில் 1:
அக்ரியபிள் எடுங்க. வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு (எல்ஆர்வி) அக்ரியபிளுக்கு 60, ரெப்போஸுக்கு 58. அதில் பெரிய பேதமில்லை. சாயலில்தான் விஷயமே இருக்கு. ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீலம்) எண்கள் அக்ரியபிளுக்கு 209-203-193, ரெப்போஸுக்கு 204-201-192. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி அக்ரியபிளில் 16, ரெப்போஸில் 12. இடைவெளி கூடினால் பழுப்பு தூக்கும். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது, நீலம் கலந்த வான வெளிச்சம்தான் வரும். அதில் ரெப்போஸ் லேசா ஊதா அடிக்கும். ஓக் தரையின் ஆரஞ்சு பக்கத்தில் இருந்தால் இன்னும் குளிர்ச்சியாத் தெரியும்.

பதில் 2:
பகலுக்கு அது சரி. ராத்திரியில் 2700 கெல்வின் (மஞ்சள் வெளிச்ச) பல்பு போட்டால் அக்ரியபிள் மஞ்சள் கலந்த பழுப்பா மாறிடும். 3000 அல்லது 3500, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள பல்பை முதலில் மாட்டுங்க, அப்புறம் நிறத்தை முடிவு பண்ணுங்க.

சாம்பிளை நேரா சுவரில் பூசாதீங்க, பழைய நிறம் கண்ணை ஏமாத்தும். 2 அடி ஃபோம் போர்டில் சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடிச்சு, காய்ந்த பிறகு நிறுத்தி வெச்சுப் பாருங்க. ஜன்னல் சுவரிலும் எதிர்ச் சுவரிலும், காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு. தரையில் படுக்க வெச்சால் வெளிச்சம் விழும் கோணமே வேற.

பதில் 3:
சுற்றளவு 66 அடி, 9 அடி உயரத்துக்கு 594 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்து சுமார் 500. இரண்டு கோட்டுக்கு 1000. ஒரு காலன் 350 முதல் 400 வரை போகும். ஆக 3 காலன். மூன்றையும் 5 காலன் வாளியில் கொட்டிக் கலந்துட்டு அடிங்க. டப்பாவுக்கு டப்பா துளி பேதம் இருந்தாலும் சுவர் நடுவில் காட்டிக்கொடுத்துடும். பட்டி பார்த்த இடத்தில் பிரைமர் கட்டாயம், இல்லாட்டி அங்கே மட்டும் பெயிண்ட்டை உறிஞ்சி மங்கலாத் திட்டு விழும்.

அக்ரியபிள் என்றால் கதவு, ஓரப்பட்டைக்கு பியூர் வைட் (7005) பொருந்தும். எக்ஸ்ட்ரா வைட் இன்னும் பளிச்சுன்னு குளிர்ச்சியா இருக்கும், பக்கத்தில் சுவர் அழுக்குப் பழுப்பாத் தெரியும்.