பிரிட்டிஷ்காரர்களைப் பற்றிச் சொல்வதில் எது நிஜம், எது கதை?

லீட்ஸ்_பயணி:
செப்டம்பரில் மேல்படிப்புக்கு லீட்ஸ் போகிறேன். செய்தி வெளியே தெரிந்ததிலிருந்து ஆளுக்கொரு உபதேசம். நாள் முழுக்க மழை பெய்யும், சாப்பாடு வாயில் வைக்க விளங்காது, அவன் காலை நீ மிதித்தாலும் அவன்தான் சாரி சொல்வான், பல்லெல்லாம் கோணல், இரண்டு பேர் நின்றால்கூட க்யூ கட்டிவிடுவார்கள், இப்படியே போகிறது. இதைச் சொன்ன யாரும் அந்த ஊருக்குப் போனதில்லை என்பது வேறு விஷயம். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன், இதில் எதை நம்பலாம்?

தூறல்மணி:
மழைக் கதை பாதிதான் உண்மை தம்பி. லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்யும், ரோம் நகரத்தில் இதைவிட அதிகம். என்ன, ரோமில் கொட்டிவிட்டுப் போய்விடும், இங்கே பெய்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நாள் கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். நிஜமான மழை மேற்குப் பக்கம். ஏரி மாவட்டத்து சீத்வெயிட்டில் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். நீங்கள் போகும் லீட்ஸ், பென்னைன் மலைகளுக்குக் கிழக்கே இருப்பதால் மேகமெல்லாம் முதலில் மான்செஸ்டர்காரன் தலையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உங்களிடம் வரும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

ஆனால் வானிலையைப் பற்றியே பேசுவார்கள் என்பது முழு உண்மை. இரண்டு இங்கிலீஷ்காரர்கள் சந்தித்தால் முதல் பேச்சு வானிலைதான் என்று சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். இன்னும் மாறவில்லை. யாராவது 'குளிராக இருக்கிறது இல்லையா' என்றால் ஆமாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அப்படித் தோன்றவில்லையே என்று ஆராய்ச்சியில் இறங்கினால் பாவம், அந்த மனுஷனுக்கு அடுத்து என்ன பேசுவதென்றே தெரியாது.

க்யூவில்_நிற்பவன்:
க்யூ விஷயத்தில் மிகைப்படுத்தல் இல்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ராணியின் உடலுக்கு அஞ்சலி செலுத்த நின்ற வரிசை, தேம்ஸ் கரையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு சவுத்வார்க் பூங்கா வரை போனது. வரிசையின் வால் இப்போது எங்கே இருக்கிறது என்று யூடியூபில் அரசாங்கமே நேரலை ஓட்டியது! டேவிட் பெக்காமே 12 மணி நேரத்துக்கு மேல் நின்றார். விம்பிள்டனில் டிக்கெட்டுக்கு முதல் நாள் ராத்திரியே கூடாரம் போட்டுப் படுப்பார்கள், அதற்கு எண் போட்ட அட்டையும் எப்படி நிற்பது என்ற வழிகாட்டிப் புத்தகமும் உண்டு.

ஒரே விதிவிலக்கு பப். அங்கே வரிசை இருக்காது, எல்லோரும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அத்தனை பேர் மனசிலும் இருக்கும். முந்தினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டுவார்கள். அதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கெட்டில்_ராணி:
டீயை விட்டுவிட்டீர்களே! தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் துருக்கிக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் இவர்களைவிட அதிகம் குடிக்கிறார்கள், அதை இங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றார்களே, ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்க கெட்டிலைத் தட்டிவிட்டதில் மின்தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. அழுவதற்கு முன்னால் டீ. இந்த மாதிரி திடீர்த் தேவையைச் சமாளிக்கத்தான் வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள், சில நொடிகளில் மின்சாரம் கொடுக்கும். இவர்கள் ராணுவ டாங்கிக்குள்ளேயே வெந்நீர் போடும் பாத்திரம் உண்டு. பீரங்கிக் குண்டு வந்தாலும் டீ ஆறக் கூடாது பாருங்கள்.

பழைய_விமானி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அவர்கள் அடக்கி வாசிப்பதைப் பார்த்துத்தான். 1982 ஜூன் 24, ஜாவாவுக்கு மேலே பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 எரிமலைச் சாம்பலில் மாட்டி நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி மைக்கில் சொன்னது இதுதான்: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, திரும்ப ஓட்ட முடிந்ததெல்லாம் செய்கிறோம், நீங்கள் அதிகம் கலங்கவில்லை என்று நம்புகிறேன். சின்னப் பிரச்சினையாம்! (எஞ்சின்கள் மறுபடி ஓடி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.) அதனால் உங்கள் பேராசிரியர் ஆய்வறிக்கையைப் பார்த்துவிட்டு 'ஓரிரு இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்' என்றால் அன்றைக்கே உட்கார்ந்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

லீட்ஸ்_பயணி:
ஐயோ அண்ணே, இப்போதுதான் பயமே வருகிறது. பல்லும் சாப்பாடும்?

தூறல்மணி:
பல் கதை அமெரிக்கர்கள் கட்டிவிட்டது. 2015-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இங்கிலாந்துக்காரர்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டார்கள், சராசரியாகப் பல் போனது அமெரிக்கர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம். வெள்ளையடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு, உங்கள் பல்லைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாட்டுக்குப் பாதிப் பழி போரைச் சேரும், ரேஷன் 1954 வரைக்கும் இழுத்தது, முட்டைப் பொடியில் சமையல் கற்ற தலைமுறையிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? இப்போது நிலைமை எவ்வளவோ தேவலாம். 2001-ல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக்கே சிக்கன் டிக்கா மசாலாதான் உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று பேசியிருக்கிறார்.

கிளாஸ்கோ_வாசி:
பிரிட்டிஷ்காரர் என்று கேட்டுவிட்டு மொத்தப் பேரும் இங்கிலீஷ்காரனையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் யாரையாவது இங்கிலீஷ்காரர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், அடக்கி வாசிப்பதெல்லாம் அப்போது இருக்காது. ஸ்காட்லாந்துக்காரன் சாக்லேட்டைக்கூட மாவில் முக்கி எண்ணெயில் பொரித்துத் தின்பான் என்று கேலி செய்வார்கள், அது மட்டும் நிஜம், மறுக்க வழியில்லை. சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கும்.